முதல் அரை மணி

கார்த்திகை முடிவதற்குள் சென்னைச் சபாக்களின் நிகழ்ச்சி நிரல் வெளியாகிவிடும். முன்பெல்லாம் பத்திரிகையோடு இணைப்பாக வரும், சபா வாசலில் சிறு புத்தகமாகக் கிடைக்கும். இப்போது போனுக்கே வந்துவிடுகிறது. பெரும்பாலான ரசிகர்கள் ஏழு மணிக் கச்சேரி யாருக்கு என்று பார்ப்பார்கள். தவில்காரனான நான் முதல் நாளின் முதல் வரியைப் பார்ப்பேன். ‘மங்கல இசை’ என்று போட்டிருக்கும். அதற்குக் கீழே தொடக்க விழா. விளக்கேற்றுபவர் பெயர், வரவேற்புரை சொல்பவர் பெயர், வாழ்த்துரை வழங்குபவர்களின் பெயர்கள் எல்லாம் பட்டம் பதவியோடு அச்சாகியிருக்கும். நாதஸ்வரம் வாசிக்கிற நாயனக்காரர் பெயர் பல நிரல்களில் இருக்காது. தவில்காரர் பெயரைத் தேடவே வேண்டாம்.

அதன் பிறகு இரண்டு மூன்று வாரம், நாளுக்கு நாலைந்து கச்சேரி. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக்கொண்டு போவேன். வாய்ப்பாட்டு, வயலின், வீணை, புல்லாங்குழல், கோட்டுவாத்தியம், சாக்ஸபோன், மாண்டலின், கீபோர்டு எல்லாம் இருக்கும். நாதஸ்வரம் என்ற சொல்லை மட்டும் சாயங்காலப் பகுதியில் காண்பது அரிது. இந்த வருஷமும் அப்படித்தான். சின்ன வயதிலிருந்து மார்கழிக் கச்சேரிகளைக் கேட்டு வருகிற எனக்கு இது பழகிப்போயிருக்க வேண்டும். பழகவில்லை. நிரலை மடித்து வைக்கும்போது வயிறு எரிகிறது.

எங்கள் தொழிலின் கணக்கு தெரிந்தால்தான் இந்த எரிச்சல் புரியும். மேளக்காரனுக்குச் சோறு போடுவது முகூர்த்தம். தை, மாசி, வைகாசி, ஆவணி, ஐப்பசி என்று மாதங்களை நாங்கள் பணத்தால்தான் எண்ணுவோம். ஆடியில் கல்யாணம் இல்லை. அம்மன் கோயில் திருவிழாக்கள் கைகொடுக்கும். மார்கழியில் அதுவும் கிடையாது. விடியற்காலை கோயிலில் திருப்பள்ளியெழுச்சிக்கு வாசித்துவிட்டு வந்தால் பகல் முழுக்கச் சும்மாதான். நாட்டிலேயே அதிகமான கர்நாடக சங்கீதக் கச்சேரிகள் சென்னையில் நடக்கிற அதே மாதம்தான், நாயனமும் தவிலும் வாசிக்கிற பெரிய மேளக்காரர்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிற மாதம். இதைவிடப் பொருத்தமான மாதம் எது? ஆளும் வாத்தியமும் தயாராக இருக்கிறது. கூப்பிடுவதற்குத்தான் யாரும் இல்லை.

அந்தச் சும்மா இருக்கிற பகல்தான் என்னை ரசிகனாக்கியது. கடம்பத்தூரில் அரக்கோணம் வண்டியைப் பிடித்தால் மூர்மார்க்கெட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ராஜா அண்ணாமலை மன்றம். தமிழிசைச் சங்கத்தின் விழாவை அங்கேதான் கேட்டேன். 1943இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முதலானோர் தொடங்கிய சங்கம் அது. எங்களைப் போல வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருகிறவர்களையும் அந்த அரங்கம் வா என்று சொன்னது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் போவதென்றால் பஸ். மத்தியானக் கச்சேரிகளுக்குப் பல சபாக்களில் டிக்கெட் கிடையாது. அதனால் மத்தியானக் கச்சேரிகளில் வாசித்த இளம் மிருதங்கக்காரர்கள் பலரை அவர்கள் பெயர் பெறுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். கடைசி வண்டியில் ஊர் திரும்பி, ரெண்டு மூணு மணி நேரம் தூங்கி, மறுபடி விடியலில் கோயில்.

நான் வாசிக்கக் கற்றது நைனாவிடமும், பிறகு திருத்தணிப் பக்கம் ஒரு வாத்தியாரிடமும். எங்கள் பக்கத்து மேளம் தஞ்சாவூர் மேளம் போலப் பெயர் பெற்றதில்லை. ஆனால் திருவள்ளூர் வீரராகவர் பிரம்மோற்சவம் உண்டு, திருத்தணிக் கிருத்திகை உண்டு, மார்கழித் திருவாதிரைக்குத் திருவாலங்காடு உண்டு. ஐந்து சபைகளில் ரத்தின சபை அது. காரைக்கால் அம்மையார் பாடிய தலம். கடம்பத்தூரிலிருந்து செஞ்சிப் பனம்பாக்கம், மணவூர் தாண்டினால் அந்த ஸ்டேஷன். ஆருத்ராவுக்கு அங்கே நான் கேட்ட நாயனம்தான் என் காதில் அளவுகோலாக நின்றுவிட்டது.

சுவாமி கர்ப்பகிருகத்திலிருந்து புறப்படும்போது மல்லாரி. கம்பீர நாட்டையில், முதலில் தவில் மட்டும் எடுத்து, பிறகு நாயனம் சேரும். கோபுர வாசல் தாண்டினால் ராகம். தெருமுனைக்குத் தெருமுனை நின்று நின்று போகும். நாயனக்காரர் ஒரு சுற்று ஆலாபனை செய்து நிறுத்துவார். அந்த இடைவெளியில் தவில் பேசும். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, சீவாளியைச் சரிபார்த்துக்கொண்டு, அடுத்த சுற்றுக்கு இன்னும் ஒரு படி மேலே போவார். ராக ஆலாபனைக்குள்ளேயே தாளவாத்தியம் புகுந்து பங்கெடுப்பது எங்கள் மேளத்துக்கே உரிய முறை. பாட்டுக் கச்சேரியில் ஆலாபனை முடியும்வரை மிருதங்கம் கைகட்டிக் காத்திருக்கும். எங்களிடம் ராகத்தை வளர்ப்பதில் பாதி வேலை தவிலுக்கு. ஒரு தோடியோ காம்போதியோ இப்படி ஒரு மணி நேரம் போகும், ரெண்டு மணி நேரமும் போகும். தெருவில் நிற்கிற கூட்டத்தில் ராகத்தின் பெயர் தெரிந்தவர்கள் கொஞ்சம்தான் இருப்பார்கள். ஆனால் ஒருவரும் நகரமாட்டார்கள்.

இப்படி வளர்ந்த இசைக்குத்தான் அரை மணி ஒதுக்குகிறார்கள். சீவாளி என்பது நாணலில் செய்தது. எச்சில் ஊறி, சூடேறி, பதத்துக்கு வந்தால்தான் அதில் கமகம் நிற்கும். குளிர்சாதன அரங்கில் அது இன்னும் தாமதமாகும். தவில் தோலின் நாதமும் அங்கே சீக்கிரம் நிலைக்காது. வாத்தியங்கள் ரெண்டும் ஒன்றோடொன்று பழகி, இனி வாசிக்கலாம் என்று தோன்றும் நேரத்தில் பக்கவாட்டிலிருந்து ஒருவர் கையைக் காட்டுவார். முடித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

எங்கள் ஜமாவை ஒரு சபா தொடக்க விழாவுக்கு அழைத்திருந்தது. எண்பதுகளின் கடைசி. நாயனக்கார அண்ணன் ஒரு மாதமாகச் சாதகம் செய்திருந்தார். கல்யாணி எடுப்பதாகத் திட்டம். நாட்டையில் தொடங்கி, ஒரு கீர்த்தனையை முடித்து, கல்யாணிக்கு நான் தவிலில் வழிவிட்டு நிறுத்தியபோது சிறப்பு விருந்தினரின் கார் வந்துவிட்டது. எங்களுக்கு முன்னால் இருந்த மைக்கை ஒரு பையன் வந்து எடுத்துக்கொண்டு போனான். அண்ணன் வாயில் வைத்த சீவாளியை எடுக்கவில்லை. மைக் இல்லாமலே கல்யாணியில் நாலு பிடி பிடித்தார். கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேர்ந்தது அது. எங்கள் வாத்தியத்துக்கு மைக் ஒரு பொருட்டே இல்லை. பிறகு அவராகவே நிறுத்தி மங்களம் வாசித்தார். ரயிலில் திரும்பி வரும்போது வில்லிவாக்கம் வரை யாரும் பேசவில்லை. பிறகு அண்ணன்தான், ‘தம்பி, அந்தக் கல்யாணியை நாளைக் காலையில நம்ம கோயில்ல வாசிச்சு முடிச்சிடலாம்’ என்றார். மறுநாள் அப்படியே செய்தோம். அர்ச்சகரும், கோலம் போட்டுக்கொண்டிருந்த நாலு பெண்களும் கேட்டார்கள்.

சபாக்காரர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். நிரல் எப்படித் தயாராகிறது என்று பலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறேன். சபா நடப்பது உறுப்பினர் சந்தாவிலும் விளம்பரத்திலும். சாயங்காலக் கச்சேரிக்கு டிக்கெட் விற்றாக வேண்டும். அந்தக் கச்சேரிக்கென்று ஒரு புரவலர் இருப்பார், அவருக்கும் ஒரு விருப்பம் இருக்கும். மியூசிக் அகாடமி போன்ற இடங்களில் ஜூனியர், சப் சீனியர், சீனியர் என்று ஏணி உண்டு. மத்தியானத்திலிருந்து சாயங்காலத்துக்கு ஒரு பாடகர் ஏறி வரப் பல வருஷம் ஆகும். அந்த ஏணி முறையில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. நாதஸ்வரக்காரருக்கு அந்த ஏணியே கிடையாது என்பதுதான் குறை. அவர் இருபது வயதிலும் மங்கல இசைக்குத்தான் போகிறார், அறுபது வயதிலும் மங்கல இசைக்குத்தான் போகிறார்.

காரணம் கேட்டால் எல்லோரும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: ‘ஹாலுக்கு இந்தச் சத்தம் தாங்காதுங்க.’ தவில்காரனாகிய நான் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். குன்னக்குடி வைத்தியநாதன் வயலினுக்கு வலையப்பட்டி சுப்பிரமணியம் தவில் வாசித்த கச்சேரிகளுக்கு நிற்க இடம் இருக்காது. அந்த ஜோடியின் கச்சேரி என்றால் சபாக்கள் போட்டி போட்டுத் தேதி வாங்கின. வயலினோ சின்ன நாதம். தவிலோ இரண்டு தெரு தாண்டிக் கேட்கும். அங்கே சத்தம் தாங்கியது. அதற்குப் பிறகு கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனோடு வந்தார். அவர் கச்சேரியிலும் தவில் இருந்தது. கோபால்நாத் நாதஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை. தந்தையிடம் முதலில் கற்றது நாதஸ்வரம்தான். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு அதன் மேல் ஆசைப்பட்டு, அதில் கமகத்தைக் கொண்டுவருவதற்குப் பல வருஷம் உழைத்தார். அவர் கலைக்கு நான் அடிமை. ஆனாலும் சபாவில் உட்கார்ந்து அவரைக் கேட்டபோதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. இதே மனிதர் தன் தந்தையின் வாத்தியத்தையே வாசித்திருந்தால் இந்த ஏழு மணி அவருக்குக் கிடைத்திருக்குமா?

ஆக, தவிலுக்கு சாயங்காலம் இடம் இருந்தது. வயலின் பக்கத்தில் உட்காரலாம், சாக்ஸபோன் பக்கத்தில் உட்காரலாம். தான் பிறந்ததிலிருந்து கூடவே இருக்கிற நாதஸ்வரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் அரை மணியில் எழுந்துவிட வேண்டும். சத்தம் காரணம் இல்லை என்பதற்கு எனக்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

வேறு காரணம் பழையது. நாயனக்காரர் என்பவர் நின்றுகொண்டு வாசிக்கிறவர், சுவாமிக்கு முன்னாலும் மாப்பிள்ளைக்கு முன்னாலும் நடந்துகொண்டே வாசிக்கிறவர், மேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசிக்கிறவர். அப்படியே பார்த்துப் பழகிய கண்கள் அவரை மேடை நடுவில் வைத்துப் பார்க்க மறுத்தன. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அதை எதிர்த்தே வாழ்ந்தார். கிராப்பு வைத்தார், சட்டை போட்டார், மேடையில் உட்கார்ந்து வாசித்தார், மற்ற வித்வான்களுக்கு என்ன மரியாதையோ அது தனக்கும் வேண்டும் என்றார். குட்டையான திமிரி நாயனம் போய் நீளமான பாரி நாயனம் பரவியதற்கும் அவரே காரணம். 1947 ஆகஸ்டில் டெல்லியில் விடுதலைக் கொண்டாட்டத்தில் வாசித்தவர். 1956இல் அவர் காலமானபோது இந்தச் சண்டை முடிந்துவிட்டது என்று எங்கள் மூத்தவர்கள் நம்பினார்கள். காருகுறிச்சி அருணாசலம் வந்தார். ‘கொஞ்சும் சலங்கை’யில் ஜானகியின் குரலோடு அவர் வாசித்த ஆபேரி 1962இல் பட்டிதொட்டியெல்லாம் போனது, 1964இல் அவரும் போய்விட்டார். 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’. மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் அதற்கு வாசித்தார்கள். சிவாஜி கணேசன் விரல் வைத்த விதத்தைப் பார்த்து எங்கள் நைனாவே அசந்துபோனார். ஊரில் எங்களுக்கு மரியாதை கூடியதும் உண்மை. ஆனால் மோகனாம்பாளுக்குக் கூட்டம் கூட்டமாகப் போன நகரம், அந்த வாத்தியத்தைச் சீசனில் கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை.

1998 எங்களுக்கெல்லாம் பெரிய வருஷம். ஷேக் சின்ன மௌலானா சாகிப்புக்கு அகாடமி சங்கீத கலாநிதி கொடுத்தது. ஆந்திராவில் கரவதியில் பிறந்து, தஞ்சாவூர்ப் பாணியைத் தேடி வந்து கற்று, ஸ்ரீரங்கத்தில் குடியேறி, ரங்கநாதரின் ஊரையே தன் ஊராக்கிக்கொண்டவர். செய்தி வந்த அன்று எங்கள் ஜமாவில் எல்லோரும் இனிப்பு வாங்கிக் கொடுத்தோம். இனிமேல் நிரல் மாறும் என்று நான் உறுதியாக நம்பினேன். அடுத்த ஏப்ரலில் சாகிப் காலமாகிவிட்டார். அடுத்த டிசம்பரில் நிரலைப் பிரித்துப் பார்த்தேன். முதல் நாள், முதல் வரி, மங்கல இசை.

2007இல் சென்னை சங்கமம் கலைவிழா வந்தபோது பூங்காக்களிலும் தெருக்களிலும் கரகாட்டத்தோடு நையாண்டி மேளம் வாசித்தது. பறை ஒலித்தது. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அங்கே போய் நின்றபோது எங்கள் நிலைமை எனக்கு இன்னும் தெளிவாகப் புரிந்தது. நையாண்டி மேளத்துக்கு நாட்டுப்புறக் கலை என்று ஒரு மேடை கிடைத்துவிட்டது. வாய்ப்பாட்டுக்குச் சாஸ்திரிய சங்கீதம் என்று மேடை இருக்கிறது. ராகம், பல்லவி, ரக்தி என்று வாசிக்கிற பெரிய மேளம் நடுவில் நிற்கிறது. தெருக்காரர்களுக்கு நாங்கள் கோயில், சபாக்காரர்களுக்கு நாங்கள் தெரு.

எங்கள் பக்கம் சொந்த ஊரிலும் நிரல் மாறிவிட்டது. நான் வாசிக்க வந்த காலத்தில் அம்மன் கோயில் திருவிழாவில் ஒரு ராத்திரி தெருக்கூத்து, ஒரு ராத்திரி நாதஸ்வரக் கச்சேரி. வெளியூரிலிருந்து பெயர் பெற்றவரைக் கூப்பிட்டு, ஸ்பெஷல் தவில் இன்னார் என்று நோட்டீஸ் அடித்து ஸ்டேஷனில் ஒட்டுவார்கள். பிறகு மெல்லிசைக் குழு வந்தது, இப்போது டிஜே. கல்யாணத்தில் பெண் அழைப்புக்குக் கேரளத்துச் செண்டை கேட்கிறார்கள். பல கோயில்களில் தீபாராதனைக்கு மோட்டார் வைத்த மேளப்பெட்டி. சுவிட்சைப் போட்டால் முரசும் மணியும் தானே அடித்துக்கொள்ளும். அதற்குக் காலப்பிரமாணம் ஒன்றுதான், காலையிலும் அதே, ராத்திரியிலும் அதே. பக்கத்தில் நிற்கவே எனக்குப் பிடிக்காது.

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் காக்களூர் எஸ்டேட்டிலும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமும் வேலைக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மாதம் பிறந்தால் சம்பளம், மருத்துவச் செலவுக்குக் கார்டு. நான் சொல்லிக்கொடுத்த ஒரு பையன் ராத்திரி ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, அப்படியே முகூர்த்தத்துக்கு வந்து உட்காருவான். விரலில் கூடு மாட்டும்போது கை நடுங்கும். வாசிக்கத் தொடங்கினால் நடுக்கம் நின்றுவிடும். மிஸ்ர நடையில் அவன் வைக்கிற கோர்வைகள் எனக்கே புதிது. அரசு இசைப் பள்ளியில் நாதஸ்வரம் கற்ற பெண்பிள்ளைகள் இப்போது எங்கள் பக்கம் வாசிக்க வருகிறார்கள். அவர்களில் ஒருத்தியின் ஷண்முகப்ரியா ஆலாபனை, சாயங்காலக் கச்சேரியில் வைக்கத் தகுந்தது. வித்தை குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அவர்களை நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். குறைந்தது வித்தை இல்லை. இந்தப் பிள்ளைகள் எட்டிப் பார்க்க ஒரு ஏழு மணி இல்லை.

போன வருஷம் ஒரு சபாவின் நிர்வாகியிடம் நேரிலேயே கேட்டுவிட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். ‘ஐயா, நீங்க சொல்றது நியாயம். ஆனா டிக்கெட் போகாது’ என்றார். ‘எந்த வருஷம் போட்டுப் பார்த்தீங்க?’ என்று கேட்டேன். யோசித்தார். ‘போட்டதில்லை’ என்றார். பிறகு, ‘நீங்களே ஒரு நாளைக்கு நிரல் எழுதிக் கொடுங்களேன், கமிட்டியில வைக்கிறேன்’ என்றார். பேச்சுக்குச் சொன்னாரோ என்னவோ, நான் அதை மெய்யாகவே எடுத்துக்கொண்டு எழுதினேன்.

மத்தியானம் ரெண்டு மணிக்கு அரசு இசைப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள், ரெண்டு நாயனம் ரெண்டு தவில். நாலு மணிக்கு வியாசர்பாடி கோதண்டராமன். எங்கள் ரயில் பாதையிலேயே இருக்கிற ஊர் அவர் பெயரில் இருக்கிறது, இந்த நகரத்துக்கும் ஒரு நாயன மரபு உண்டு என்று சொல்ல அவர் போதும். ஏழு மணிக்கு ஷேக் மகபூப் சுபானி, காலீஷாபி மகபூப் தம்பதி. சின்ன மௌலானாவின் சீடர்கள், 2020இல் பத்மஸ்ரீ பெற்றவர்கள். தவில் திருவாளப்புத்தூர் கலியமூர்த்தி. நேரம் மூன்று மணி, குறையாமல். ஏசியை ஒரு மணி முன்னதாகவே நிறுத்திவிட வேண்டும். மைக் ஒன்று போதும், அதுவும் தள்ளி. ராகத்துக்குள் தவில் பேசும்போது ஒலிக்காரர் குமிழைத் தொடக் கூடாது. நோட்டீஸில் நாயனம், தவில், தாளம் போடுகிறவர், சுருதி பிடிக்கிறவர் என்று எல்லார் பெயரும் ஒரே எழுத்தளவில் வர வேண்டும். மங்கல இசைக்கு யாரையாவது பாடச் சொல்லலாம்.

காகிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இந்த வருஷ நிரலில் அது வரவில்லை. அடுத்த கமிட்டி கூடுவது எப்போது என்று கேட்டு வைத்திருக்கிறேன், சித்திரையில் என்றார்கள். இன்னொரு பிரதி எழுதிக்கொண்டு போவேன்.